புது டிஸ்கஸ் ஏன் வாய் வைக்க மாட்டேன் என்கிறது?

கோபிசெட்டிபாளையத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் செடி வளர்க்கும் மீன் தொட்டி ஒன்று, எட்டு மாதமாக நன்றாக ஓடுகிறது. அதில் 20 நியான் டெட்ரா, 4 ஏஞ்சல், 6 கோரிடோராஸ் என்று மீன்கள். போன ஞாயிற்றுக்கிழமை மூன்று அங்குல டிஸ்கஸ் மீன் ஆறு வாங்கி விட்டிருக்கிறார். நாலு நாளாக ஒன்றுகூட எதையும் தின்னவில்லை. ப்ளட்வார்ம் புழு போட்டால் ஏஞ்சல்தான் தின்கிறது. டிஸ்கஸ் ஆறும் கறுத்துப்போய், பின்மூலையில் செடிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. வேறு என்ன தீனி போடலாம், மருந்து ஊற்ற வேண்டுமா என்பது அவர் கேள்வி.

முதலில் வெசனத்தை விடுங்கள் தம்பி. வளர்ந்த, உடம்பு தேறிய டிஸ்கஸ் புது இடத்தில் ஒரு வாரம், பத்து நாள்கூடச் சாப்பிடாமல் இருந்து பிறகு ஒழுங்காகத் தின்ன ஆரம்பித்ததை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். உங்களுடையது மூன்று அங்குலம், வளர்கிற வயது. அதற்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. ஆனாலும் நாலாவது நாளில் மருந்துக்கு ஓட வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒறம்பரை வந்தால் என்ன நடக்கும்? "சாப்புடுங்க" என்றால் "இப்பத்தானுங்க சாப்பிட்டு வந்தேன்" என்பார்கள். வயிறு காய்ந்துதான் இருக்கும், கூச்சம் விடாது. அந்த நேரத்தில் இலையில் மேலும் மேலும் அள்ளி வைத்தால் எழுந்தே போய்விடுவார்கள். நீங்கள் இப்போது செய்வது அதைத்தான். என்ன தீனி என்பதைப் பிறகு பார்ப்போம். போடுகிற தீனி டிஸ்கஸின் வாய் வரைக்கும் போய்ச் சேர்கிறதா, சேரும்போது அது பயமில்லாமல் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இந்த மீனின் பிழைப்பு எப்படி என்று தெரிந்தால் பாதி விளங்கிவிடும். டிஸ்கஸ் அமேசான் படுகையைச் சேர்ந்தது. ஹெக்கல் என்ற ஆஸ்திரிய அறிஞர் 1840இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். ஓட்டம் குறைந்த கிளையாறுகளில், தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் மரக்கிளைக்கும் வேருக்கும் நடுவே கூட்டமாக நிற்கும். கிளையில் படிந்த பாசி, மட்கிய இலை, அதில் ஒளிந்திருக்கும் பொடிப் பூச்சி ஆகியவற்றை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தித் தின்னும். இரையைத் துரத்திப் பிடிக்கிற மீன் அல்ல. வாய் சின்னது. பிறந்த குஞ்சுகூடத் தாய் தகப்பன் உடம்பில் ஊறும் வழுவழுப்பைக் கொத்தித்தான் முதல் சில நாள் வளர்கிறது. நாம் வாங்குவது பல தலைமுறையாகப் பண்ணையில் பெருக்கிய வண்ண ரகங்கள்தான், ஆனால் நின்று நிதானமாகக் கொத்துகிற பழக்கம் மட்டும் மாறவில்லை. உங்கள் ஏஞ்சல் அப்படியில்லை. மூடி திறக்கும் சத்தம் கேட்டாலே மேலே வந்து நிற்கும்.

ஆகவே இன்றைக்குத் தீனியே போடாதீர்கள். நாலு நாளாகப் போட்டு மிச்சமானது எல்லாம் செடி அடியிலும் கற்களுக்கு இடையிலும்தான் கிடக்கும். குழாயை வைத்து அடியை உறிஞ்சி எடுத்து, மூன்றில் ஒரு பங்குத் தண்ணீர் மாற்றுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதியுங்கள், இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். மீன் கறுத்து நிற்பதற்குப் பயம் ஒரு காரணம், தண்ணீர் கெட்டிருப்பது இன்னொன்று. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எது என்று தெரியாமல் தீனியை மாற்றி மாற்றிப் போடுவதில் பயனில்லை.

இதில் நான் பட்ட அனுபவம் ஒன்று. கோயம்புத்தூரில் இருந்தவரை எனக்குச் சிறுவாணித் தண்ணீர். அதில் என்ன தப்புச் செய்தாலும் மீன் பொறுத்துக்கொள்ளும். அவிநாசிப் பக்கம் வீடு மாறியதும் போர் தண்ணீர், நல்ல உப்புத் தண்ணீர். அங்கேதான் முதன்முதலாக டிஸ்கஸ் வாங்கினேன், ஐந்து. சாப்பிடவில்லையே என்று ஒரு நாளைக்கு நாலு வேளை ப்ளட்வார்ம் கொட்டினேன். மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் கழனித் தண்ணீர் போல வெளுத்துக் கிடந்தது. இரண்டு மீன் போய்விட்டது. தப்பு முழுக்க என்னுடையதுதான். பட்டினியில் சாகவேண்டிய மீனே இல்லை, நான் கொட்டிய தீனியில் செத்தது.

உப்புத் தண்ணீரில் அது ஏன் அவ்வளவு வேகமாக நடந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அழுகும் தீனியில் இருந்து வரும் அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாது, இன்னொன்று கடும் நஞ்சு. 30 டிகிரி சூட்டில், தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இருக்காது. அதே சூட்டில் பிஎச் 8 ஆனால் ஏழு பங்குக்கு மேல் நஞ்சாகிவிடும். நம் பக்கம் போர் தண்ணீரில் பிஎச் 8ஐ ஒட்டி இருப்பது சாதாரணம். டிஸ்கஸுக்கு வேண்டிய சூடும் அதே 28 முதல் 30 டிகிரி. ஆகவே மற்ற தொட்டியில் பொறுத்துப் போகிற மிச்சத் தீனி, இங்கே பொறுக்காது. உங்கள் வீட்டுக் குழாயில் பவானித் தண்ணீர் வருமானால் பாதிக் கவலை விட்டது. ஆனால் அதில் க்ளோரின் இருக்கும். ஒரு டிரம்மில் பிடித்து, காற்றுக்கல் போட்டு ஒரு நாள் வைத்து ஊற்றுங்கள். போர் தண்ணீரையும் அப்படியே ஒரு ராத்திரி வைத்து ஊற்றுவது நல்லது, மேலே வந்து காற்றுப் பட்டதும் அதன் பிஎச் மாறும். குஞ்சு பொரிக்க வைப்பதானால்தான் மென்மையான தண்ணீர் வேண்டும். வளர்ப்பதற்கு ஓரளவு கடினத் தண்ணீரிலும் பண்ணை மீன் நன்றாகவே இருக்கும், தினம் ஒரு மாதிரி மாறாமல் இருந்தால் சரி.

சூட்டையும் ஒரு பார்வை பாருங்கள். ஹீட்டரில் 29 என்று திருப்பி வைத்ததை நம்பாமல், தனியாக ஒரு தெர்மாமீட்டர் போட்டு விடிகாலையில் பாருங்கள். மார்கழியில் ஒரு ராத்திரி நெடுநேரம் கரண்ட் போனால் தண்ணீரின் சூடு இறங்கிவிடும். 25, 26 டிகிரியில் டிஸ்கஸுக்கு ஜீரணம் மந்தமாகி, பசியும் அடங்கிவிடும். அந்த நிலையில் தேன் கொடுத்தாலும் திரும்பிப் பார்க்காது. உங்கள் அளவுத் தொட்டியில் கல், மண் போக 200 லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். அதற்கு 200 வாட்டுக்குக் குறையாத ஹீட்டர் வேண்டும்.

செடிக்காகக் கார்பன் டை ஆக்சைடு விடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. விடுவதாக இருந்தால் இந்த வாரம் பாதியாகக் குறையுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவாகத்தான் கரையும். மேலே வாயுவும் கூடினால் மீன் மூச்சு வாங்கவே நேரம் சரியாக இருக்கும். விளக்கையும் நாலைந்து மணி நேரமாகக் குறையுங்கள். பளீரென்று எரியும் செடி விளக்குக்குக் கீழே புது டிஸ்கஸ் வெளியே வராது. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், அமேசான் ஸ்வார்ட் போன்ற செடிகள் இந்தச் சூட்டையும் தாங்கும், ஒரு வாரம் வெளிச்சம் குறைந்தாலும் தாங்கும். தரையில் கம்பளம் போல வளர்க்கும் செடி வைத்திருந்தால் கொஞ்சம் மஞ்சளாகும், ஆகட்டும்.

இனி ஏஞ்சல் விஷயம். ஏஞ்சலும் டிஸ்கஸும் ஒரே சிக்லிட் குடும்பம், ஒரே ஆற்றுப் படுகை. பங்காளிகள். பங்காளி என்பதால்தான் சண்டையே. டிஸ்கஸுக்குப் பிடித்தது எல்லாம் ஏஞ்சலுக்கும் பிடிக்கும், வேகம் மட்டும் இரண்டு மடங்கு. ஏஞ்சலுக்கு ஒன்றும் செய்யாத குடல் ஒட்டுண்ணிகள் டிஸ்கஸுக்கு வந்து சேரும் ஆபத்தும் உண்டு. இரண்டையும் ஒன்றாக வைத்து வெற்றிகரமாக வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் முதலில் டிஸ்கஸை நிலைக்க விட்டு, பிறகு குட்டி ஏஞ்சலைச் சேர்த்தவர்கள். நீங்கள் செய்தது தலைகீழ். என் யோசனை, நாலு ஏஞ்சலையும் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்தால் பலன் பாதிதான் கிடைக்கும்.

நியானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது குளிர்ச்சியான தண்ணீர் மீன், 29 டிகிரியில் ஆயுசு குறையும். இருப்பது இருக்கட்டும், அடுத்து வாங்கும்போது கார்டினல் டெட்ரா வாங்குங்கள், அது இந்தச் சூட்டுக்கே உரியது. கோரிடோராஸில் ஸ்டெர்பை ரகம் சூடு தாங்கும். டெட்ராக் கூட்டம் தொட்டியில் இருப்பது ஒரு விதத்தில் நல்லதுதான். சின்ன மீன்கள் வெளியே நிம்மதியாகத் திரிவதைப் பார்த்தால் டிஸ்கஸுக்குத் தைரியம் வரும்.

சரி, தீனிக்கு வருவோம்.

கருங்கல்பாளையம் சந்தையில் மாடு பிடிக்கிற எந்தப் பண்ணையக்காரரும், "இதுக்கு இதுவரைக்கும் என்ன தீனி வெச்சீங்க?" என்று கேட்காமல் கயிற்றைக் கையில் வாங்கமாட்டார். சோளத்தட்டு தின்று பழகிய மாட்டுக்கு முதல் நாளே வேறு தீனி வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். மீன் வாங்கும்போது மட்டும் நாம் விலையையும் நிறத்தையும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம். விற்றவருக்கு இப்போதே போன் போடுங்கள். என்ன தீனி, ஒரு நாளைக்கு எத்தனை வேளை, தண்ணீர் எத்தனை டிகிரி, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பு) எவ்வளவு, இந்த நாலு கேள்வி போதும். தமிழ்நாட்டில் விற்கிற டிஸ்கஸில் பெரும்பகுதி சென்னை கொளத்தூர் வழியாகத்தான் வருகிறது. வளர்த்தவர் ஒருவர், இடையில் மொத்த வியாபாரி ஒருவர், உள்ளூர்க் கடைக்காரர் ஒருவர் என்று கை மாறி வரும். ஆகவே "எங்க கடைல ப்ளட்வார்ம் தின்னுச்சு" என்பது இரண்டு நாள் கதையாக இருக்கலாம். அதற்கு முன்னால் மாதக்கணக்கில் மாட்டு இதயக் கலவையோ குருணைத் தீனியோ தின்று வளர்ந்திருக்கும். முடிந்தால் வளர்த்தவர் என்ன கொடுத்தார் என்று கேட்கச் சொல்லுங்கள்.

பதில் கிடைக்காவிட்டால் ப்ளட்வார்மில் ஆரம்பிப்பதே சரி, உறைய வைத்த கட்டியாக வாங்குங்கள். ஆறு மூன்று அங்குல மீனுக்கு ஒரு வேளைக்கு அரைக் கட்டி போதும், சாப்பிடாத நாளில் அதிலும் பாதி. டம்ளரில் தொட்டித் தண்ணீர் எடுத்து அதில் கரைய விட்டு, டீ வடிகட்டியில் வடித்து, சிவப்புச் சாற்றைக் கீழே ஊற்றிவிடுங்கள், அது தண்ணீரைக் கெடுக்கத்தான் உதவும். கட்டி வாங்கும்போது அதன் உருவத்தைப் பாருங்கள். ஓரம் மழுங்கி, பையின் ஒரு பக்கமாக உருகி உறைந்திருந்தால் கடையில் கரண்ட் போய் ஒருமுறை இளகியிருக்கிறது என்று அர்த்தம். அதை எடுக்காதீர்கள்.

போடும் விதம்தான் முக்கியம். விளக்கெரிக்கிற மண் அகலில் பெரியதாக ஒன்று, எண்ணெய் படாத புதியது, வாங்கிக் கழுவி, டிஸ்கஸ் நிற்கும் மூலைக்கு அருகில் மண்ணில் அழுத்தி வையுங்கள். அதுதான் அவற்றின் சாப்பாட்டுத் தட்டு. தினமும் அதே இடம், அதே நேரம். முதலில் தொட்டியின் மறுகோடியில் டெட்ராவுக்கு மிதக்கிற தூள் தீனி போடுங்கள். கூட்டம் அந்தப் பக்கம் போனதும், ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சில் வடித்த புழுவைத் தண்ணீரோடு உறிஞ்சி, அகலுக்கு ஒரு சாண் மேலே மெல்ல அழுத்துங்கள். சிரிஞ்சு முனையில் காற்றுக்குழாய்த் துண்டு ஒன்றைச் செருகிக்கொண்டால் கை தண்ணீருக்குள் போக வேண்டாம். புழு மெதுவாக இறங்கி அகலில் விழும். டிஸ்கஸ் விழுவதைப் பார்க்கும், வராது. நீங்களும் அங்கேயே நின்று பார்க்காதீர்கள். எழுந்து போய் ஒரு டீ குடியுங்கள். கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் மனிதனைத்தான் புது மீன் முதலில் பயப்படுகிறது. இருபது நிமிடம் கழித்து வந்து, அகலில் மிச்சம் இருப்பதை அதே சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். செடித் தொட்டியில் தீனியை அகலில் போடச் சொல்வதே இதற்காகத்தான். மண்ணில் விழுந்தால் திரும்ப எடுக்க முடியாது. கோரிடோராஸ் வந்து அகலை முகர்ந்துகொண்டே நின்றால், அதற்கு ராத்திரி விளக்கணைத்த பிறகு மறுகோடியில் வில்லைத் தீனி போட்டுப் பழக்குங்கள்.

அடுத்த நாள்களில் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் உண்டு. முதலில் கறுப்பு கொஞ்சம் தெளியும், உடம்பில் தெரிந்த குறுக்குப் பட்டைகள் மங்கும். பிறகு கண், விழுகிற புழுவோடு சேர்ந்து அசையும். அப்புறம் ஒன்று மட்டும் தலையைச் சாய்த்து அகலுக்கு மேலே வந்து, வாயால் தண்ணீரை ஊதும். மண்ணில் புதைந்த இரையைக் கிளப்ப டிஸ்கஸ் செய்யும் வேலை அது. ஊதுகிறது என்றால் பசி வந்துவிட்டது. வாயில் போட்டுத் துப்பும், மறுபடி போடும், மறுபடி துப்பும். ‘பிடிக்கவில்லை போல’ என்று நினைத்துத் தீனியை மாற்றிவிடாதீர்கள், அது மென்று பார்க்கிற விதமே அப்படித்தான். ஒன்று தின்ன ஆரம்பித்தால் மற்றவை பின்னால் வந்துவிடும். அதனால்தான் டிஸ்கஸை ஒன்று இரண்டாக வாங்கக்கூடாது என்பது. நீங்கள் ஆறு வாங்கியது நல்ல காரியம். முதலில் தைரியம் வந்தது மற்றவற்றை அகல் பக்கம் விடாமல் விரட்டினால், ஓரடி தள்ளி இன்னொரு அகல் வையுங்கள்.

உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழுவைக் கடையில் பரிந்துரைப்பார்கள். போட்டால் தின்னும், மறுப்பதற்கில்லை. ஆனால் அது சாக்கடையிலும் கழிவு ஓடையிலும் எடுக்கிற புழு. திருப்பூரைத் தாண்டிய நொய்யலைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நான் போடுவதில்லை. கொசுப்புழு அருமையான தீனி, மொட்டை மாடியில் ஒரு வாளி மழைத் தண்ணீர் போதும். ஆனால் டெங்கு சோதனைக்கு வருகிற ஆட்களிடம் "மீனுக்காக வளர்க்கறேனுங்க" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். தோட்டத்தில் மண்புழு உரத் தொட்டி இருக்கிறது, அந்தப் புழுவைப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். உரத் தொட்டியில் வளரும் சிவப்புப் புழு தொட்டால் நாற்றமான ஒரு நீரை விடும், பல மீன்கள் வாயில் வைத்த வேகத்தில் துப்பிவிடும். வாய்க்கால் ஓரம் கிடைக்கும் சாதாரண மண்புழு மேல், பூச்சிமருந்து படாத இடமாக இருக்கவேண்டும். ஒரு நாள் ஈரத் துணியில் போட்டு மண் கக்க வைத்து, பொடியாக நறுக்கிப் போடுங்கள். மூன்று அங்குல மீனுக்கு ஆர்டீமியா என்ற பொடி இறாலின் முட்டையை உப்புத் தண்ணீரில் பொரித்தும் போட்டுப் பார்க்கலாம், ஒரு நாளில் பொரித்துவிடும். அது நெளிகிற நெளிவே பிடிவாதக்கார மீனையும் இழுக்கும். வயிறு நிறைக்க அது போதாது, ஆசை காட்டத்தான்.

வெறும் ப்ளட்வார்மிலேயே காலம் தள்ள முடியாது. மீன் ஒரு வாரம் ஒழுங்காகத் தின்ன பிறகு குருணைக்குப் பழக்குங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவில், மெதுவாக மூழ்குகிற மென்மையான குருணையாக இருக்கட்டும். முதலில் கீழே ஊற்றச் சொன்ன அந்தச் சிவப்புச் சாறு இங்கே உதவும். குருணையை அதில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, புழுவோடு கலந்து அகலில் விடுங்கள். முதல் நாள் பத்துப் புழுவுக்கு ஒரு குருணை என்றால், இரண்டு வாரத்தில் பாதிக்குப் பாதி கொண்டுவரலாம். ஒரு சொட்டுப் பூண்டுச் சாறு சேர்ப்பவர்களும் உண்டு, வாசனைக்கு இழுக்கும். அதை நோய்க்கு மருந்து என்று மட்டும் நம்ப வேண்டாம்.

வீட்டில் கலவை செய்வதைப் பற்றியும் கேட்பீர்கள். உலகம் முழுக்க டிஸ்கஸ்காரர்கள் மாட்டு இதயத்தைக் கொழுப்பு நீக்கி அரைத்துப் போடுகிறார்கள். குட்டிகள் வேகமாக வளரும். ஆனால் தண்ணீரைக் கெடுப்பதில் அதற்கு மிஞ்சியது இல்லை. தினம் பாதித் தண்ணீர் மாற்றுகிற வெறும் கண்ணாடித் தொட்டிக்குத்தான் அது லாயக்கு, மண்ணும் செடியும் உள்ள தொட்டிக்கு அல்ல. அதோடு நம் வீடுகளில் அதை மிக்ஸியில் அரைக்கிறேன் என்று சொன்னால் மீனோடு சேர்த்து நம்மையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். இறாலில் செய்யுங்கள். ஓடு உரித்த இறால் அரைக் கிலோ, முள் நீக்கிய ஜிலேபி மீன் கால் கிலோ, கொதிநீரில் போட்டெடுத்த பசலைக்கீரை ஒரு கைப்பிடி, பூண்டு இரண்டு பல். கொரகொரப்பாக அரைத்து, கடல்பாசியைக் காய்ச்சி இளஞ்சூட்டில் ஊற்றிப் பிசைந்து, பையில் சப்பாத்தி கனத்துக்குத் தட்டி உறைய வைத்தால் ஒரு மாதத்துக்கு வரும். வேண்டும்போது ஒடித்துப் பொடியாக்கிப் போடலாம். கெண்டை வகை மீனைப் பச்சையாக அரைக்காதீர்கள். அதில் இருக்கும் ஒரு நொதி பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். ஜிலேபி பவானிசாகர் அணையில் இருந்து உங்களுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும்.

மருந்து எப்போது? மலம் வெள்ளையாக வந்தாலே ‘ஹெக்ஸாமிட்டா’ என்ற குடல் ஒட்டுண்ணி என்று பயமுறுத்துவார்கள். மூன்று நாலு நாள் சாப்பிடாத மீனுக்கு வெறும் குடல் சளி வெள்ளையாக வருவது இயல்பு. மேலே சொன்னதெல்லாம் செய்தும் பத்து நாளுக்கு மேல் தின்னாமல், தின்றாலும் வெள்ளை நூல் நூலாகப் போய்க்கொண்டு, நெற்றி ஒடுங்கி முன்னால் இருந்து பார்க்கக் கத்தி போலத் தெரிந்தால், அது பெரும்பாலும் குடல் ஒட்டுண்ணிதான். அந்த மீனை மட்டும் பிடித்து, செடியும் மண்ணும் இல்லாத தனித் தொட்டியில் விட்டு மெட்ரோனிடசோல் வைத்தியம் பார்க்க வேண்டும். அளவை மீன் வைத்தியம் தெரிந்தவரிடம் கேட்டுச் செய்யுங்கள். செடித் தொட்டியில் ஊற்றவே ஊற்றாதீர்கள். இல்லாத நோய்க்கு ஊற்றிய மருந்தால் வடிகட்டியில் உள்ள நல்ல பாக்டீரியா அடிபட்டால், மறுபடி அம்மோனியாவில் போய் நிற்கும். அடுத்த முறை மீன் வாங்கினால், இந்தத் தனித் தொட்டியிலேயே நாலு வாரம் வைத்து, கையில் இருந்து தின்னும் அளவுக்குப் பழக்கிய பிறகு செடித் தொட்டிக்கு விடுங்கள். இப்போது விட்டதைத் திரும்பப் பிடிக்க வேண்டாம், வலையோடு துரத்தினால் பட்ட பயம் இரண்டு மடங்காகும்.

பழகிய பிறகு எத்தனை வேளை? மூன்று அங்குலத்துக்கு ஒரு நாளைக்கு நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. வேலைக்குப் போகிறவர் என்றால் காலையில் ஒன்று, வந்ததும் ஒன்று, விளக்கணைக்கும் முன்னால் ஒன்று, பகலில் ஒரு வேளைக்குத் தானியங்கித் தீனிப் பெட்டியில் குருணை. ஐந்து அங்குலம் தாண்டினால் இரண்டு வேளை போதும். உண்மையைச் சொன்னால் செடித் தொட்டிக்கு ஐந்து அங்குல மீனாக வாங்குவதே நல்லது, விலை கூடத்தான். குட்டிக்குத் தீனி அதிகம் வேண்டும், செடித் தொட்டி அதிகத் தீனியைத் தாங்காது. இந்த முரண்பாட்டை நீங்கள் தண்ணீர் மாற்றியே சரிக்கட்ட வேண்டியிருக்கும். வாரத்துக்கு மூன்று முறை, மூன்றில் ஒரு பங்கு, அதே சூட்டில்.

கடைசியாக, ஏஞ்சலை எப்படிப் பிடிப்பது என்று யோசிப்பீர்கள். பகலில் வலையை விட்டுத் துழாவினால் செடி எல்லாம் பிடுங்கிக்கொண்டு வரும், டிஸ்கஸ் இன்னும் நாலு நாள் வெளியே வராது. ராத்திரி விளக்கணைத்து இரண்டு மணி நேரம் போகட்டும். மீனெல்லாம் அரைத் தூக்கத்தில் நிற்கும்போது, அறை விளக்கையும் போடாமல், சின்ன டார்ச்சை ஒருவர் பிடிக்க, பெரிய வலையைக் கீழே இருந்து மெல்லத் தூக்கினால் ஒவ்வொன்றாக வந்துவிடும். வீட்டில் யாரையாவது டார்ச் பிடிக்கக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் டிஸ்கஸுக்குத் தீனி வேண்டாம், சாயங்காலம் அகலில் ஆரம்பியுங்கள்.